தேருக்குக் கோட் போட்டு வந்தவர்

முப்பத்துமூன்று பாகை வெயிலில் கோட் போட்டுக்கொண்டு தேருக்கு வந்தவர் இராஜசிங்கம் ஒருவர்தான். பாடன் நகரத்திலிருந்து பத்து நிமிடத் தூரத்தில், டயர் களஞ்சியத்துக்கும் அலுமாரி செய்கிற பட்டறைக்கும் நடுவில் இருக்கிறது அந்த அம்மன் கோயில். தார் இளகி வெறுங்காலைச் சுட்டது. வேட்டியும் வெறும் மேலுமாக ஆண்கள் அங்குமிங்கும் ஓடித் திரிய, இவர் வேட்டி, சேட், அதற்கு மேலே கறுப்புக் கோட் என்று பழைய காலத்து மாப்பிள்ளை மாதிரி வாசலோரம் வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றார். போகிற வருகிறவர்கள் விசாரிக்காமல் விடுவார்களா? ஒருவருக்குக் காய்ச்சல் என்றார். அடுத்தவருக்கு முதுகுப்பிடிப்பு என்றார். இரண்டையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு நின்ற மூன்றாமவருக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் சிரித்து வைத்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். அவருடைய இடது கக்கத்துக்குக் கீழே, கோட்டுக்குள், ஒரு தோல் உறையில் பிஸ்டல் தொங்கியது. மருமகனைச் சுடுவதற்காக அதைக் கொண்டு வந்திருந்தார்.

மருமகனின் பெயர் ஆருஷ். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, விசையாழி செய்கிற தொழிற்சாலையில் நல்ல உத்தியோகம் பார்க்கிறவன். வாய்க்குள் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை என்று கோயிலில் எல்லோரும் சொல்லுவார்கள். அந்தப் பிள்ளையிடமிருந்துதான் மகள் ஜெனனி முதல் முறை புருவம் பிளந்து வந்தாள். இராஜசிங்கம் பிளாஸ்டர் ஒட்டி, தேத்தண்ணீர் கொடுத்து, அன்று பின்னேரமே தன் காரில் ஏற்றிக்கொண்டு போய் அவன் வாசலில் இறக்கிவிட்டு வந்தார். கொஞ்சம் பொறுத்துப் போ பிள்ளை என்று சொன்ன வாய் அவருடையதுதான். இரண்டாம் முறை அவள் வரவுமில்லை, சொல்லவுமில்லை. மூன்றாம் முறை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. விசாரிக்க வந்த பொலிஸ்காரிக்கு, வாய் திறக்க முடியாததால், படியில் தடக்கி விழுந்தேன் என்று கடதாசியில் எழுதிக் கொடுத்தாள். கையெழுத்து அழகாக இருந்தது. ஆறு கிழமை மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். தாய் ஜெயமலர் கஞ்சியை வடித்து வடித்து ஸ்ட்ரோவால் உறிஞ்சக் கொடுத்தாள். கம்பி வெட்டிய மூன்றாம் நாள் ஜெனனி ஒரு சின்னச் சூட்கேசோடு ரயிலேறி அவனிடமே போய்விட்டாள். அன்றைக்குத்தான் இராஜசிங்கம் முடிவெடுத்தார். இனி அவளைத் தன்னால் காப்பாற்ற ஒரே வழிதான் இருக்கிறது என்று நம்பினார்.

இயக்கத்தில் இருந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் பங்கருக்குள் முதலில் பாய்ந்தவர் அவர்தான். சுடப் பழகியது இந்த நாட்டில். குடியுரிமைக்கு மனுப் போட்டபோது கிராமசபைக்காரர் எந்தச் சங்கத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பாட்டுச் சங்கத்துக்குக் குரல் கிடையாது, பனிச்சறுக்குக்கு முழங்கால் கிடையாது. முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் அவரோடு வேலை செய்த ஒருவர் தன் துப்பாக்கி சுடுகிற சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பன்னிரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் காதை மூடிக்கொண்டு கடதாசி வட்டத்தைச் சுட்டார், பிறகு எல்லோருமாகச் சொசேஜ் சாப்பிட்டார்கள். பிஸ்டலுக்குச் சட்டப்படி பத்திரம் இருந்தது. அதை உடம்போடு கொண்டு போக ஓர் உறைதான் தேவைப்பட்டது. இடுப்பு உறைக்குப் பெல்ட் வேண்டும், வேட்டியில் அது நிற்காது. அதனால்தான் தோள் உறை.

உறை விற்ற கடைக்காரர் நேர்மையான ஆள். நாள் முழுக்க இருந்து வேலை செய்கிறவர்களுக்கும் சாரதிகளுக்கும் இது வசதி, பாரம் இரண்டு தோளுக்கும் பிரிந்துவிடும் என்றார். குறைகளையும் மறைக்கவில்லை. மேலே கோட் வேண்டும், கோடையிலும் வேண்டும். எடுக்கிற கை நெஞ்சைக் கடந்து போக வேண்டும், எதிரில் நிற்பவன் அதைக் காண்பான். உறையில் படுத்திருக்கிற பிஸ்டலின் வாய் எப்போதும் பின்னால் நிற்பவரையே பார்த்துக்கொண்டிருக்கும். இதைப் போட்டுக்கொண்டு வெளியே போகத் தனி அனுமதி வேண்டும், தெரியும்தானே என்று கடைசியாகக் கேட்டார். இராஜசிங்கம் தெரியும் என்று தலையாட்டினார். இருபத்தெட்டு வருடமாக இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிப் பழகியவர்.

மூன்று கிழமை, வேலை முடிந்து வந்த பின்னேரங்களில், அடுக்குமாடிக்குக் கீழே கனத்த இரும்புக் கதவு போட்ட பாதுகாப்பு அறைக்குள் நின்று எடுத்துப் பழகினார். பனிக்கால டயர்களும் உருளைக்கிழங்கு மூட்டையும்தான் பார்த்துக்கொண்டிருந்தன. பெரிய பானைகளைத் தூக்கித் தூக்கி வலது தோள்மூட்டு தேய்ந்து போயிருந்தது. கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டு போகிற ஒவ்வொரு முறையும் உயிர் போய் வந்தது. உறையின் வார் கோட்டின் உட்துணியில் கொளுவியது. வெட்டித் தைத்தார். எல்லாவற்றையும் யோசித்தார். பூசை நேரத்தில் சனம் நெருக்கியடிக்கிற மண்டபத்துக்குள், அவனுக்கு முன்னால், ஒரு முழத் தூரத்தில்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. கோயிலுக்குள் போகிற ஆண்பிள்ளை சேட்டைக் கழற்ற வேண்டும். எட்டு வயதிலிருந்து வெறும் மேலோடு கும்பிட்ட மனிதருக்கு அது எப்படி மறந்தது? எட்டு வருடமாகத் தேரன்று செம்மஞ்சள் அங்கி போட்டுக் கார் நிறுத்துகிற இடத்திலேயே நின்று பழகியதால் இருக்கலாம். மனம் முழுக்க அவனுடைய நெஞ்சே நிறைந்திருந்ததால் தன்னுடைய நெஞ்சை நினைக்காமல் விட்டிருக்கலாம். வாசலில் தமிழிலும் ஜெர்மனிலும் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது அவருக்கு அழுகை வந்தது. மடத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா. உள்ளே ஆருஷ் சாமி தூக்குகிற கூட்டத்தில் முன்தண்டில் நின்றான். பட்டுச் சால்வையை இடுப்பில் வரிந்து, நெஞ்சில் சந்தனம் பூசி, சிரித்துக்கொண்டு நின்றான். பெண்கள் பக்கத்தில் ஜெனனி. தாடையின் இடதுபுறம் இன்னும் கொஞ்சம் வீக்கம் இருந்தது. தகப்பனைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

வாசலோரம் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. எப்படியும் அம்மன் தேரேற வெளியே வரத்தான் வேண்டும். பின்னால் யாராவது பிள்ளை வந்து நின்றால் உடம்பைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிஸ்டலின் வாயை நினைத்துத்தான். கொலைக்கு வந்த மனிதருக்கு அந்தக் கவனம் இருந்தது. ஒரு பிள்ளை போக இன்னொரு பிள்ளை வந்ததால் அரைமணி நேரமாகச் சுழன்றுகொண்டே நின்றார்.

மேளம் உச்சத்துக்குப் போனபோது ஆருஷே வெளியே வந்தான். நேராக அவரிடம்தான் வந்தான். பின்தண்டுக்கு ஆள் போதாது, மாமா வரவேண்டும் என்று நாலுபேர் கேட்கச் சத்தமாகச் சொன்னான். சனத்துக்கு முன்னால் அவன் எப்போதும் அப்படித்தான், மரியாதை வழிந்து ஓடும். "இந்த வெக்கையிலை என்னத்துக்கு மாமா கோட்?" என்றபடி உரிமையோடு இரண்டு தோளிலும் கை வைத்துக் கழற்றப் போனான். கை அப்படியே நின்றது. விரல்கள் சேட்டுக்கு மேலே வாரின் வழியே ஊர்ந்து போய், கக்கத்துக்குக் கீழே போனதும் நின்றன. அவன் முகத்தில் சிரிப்பு அழியவில்லை. காதோடு வாயை வைத்துக் கேட்டான்.

"எனக்கோ கொண்டு வந்தனீங்கள்?"

இராஜசிங்கம் கோட்டை இழுத்து மூடினார்.

"அவளைக் கேட்டனீங்களோ, மாமா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவருடைய கை எழுந்தது. நெஞ்சைக் கடந்து போன கையை அவன் கண்டான், கடைக்காரர் சொன்னது போலவே. முதுகில் இரண்டு வார்களும் குறுக்காகச் சேர்கிற இடத்தைக் கோட்டோடு கொத்தாகப் பிடித்துச் சுழற்றினான். கழன்று விழக்கூடாது என்று செய்த வார். மாட்டைக் கயிற்றில் பிடித்து இழுப்பது போல அவரைத் தார் ரோட்டில் இழுத்தான். வேட்டி அவிழ்ந்தது, முழங்கால் தோல் உரிந்தது. கன்னத்தில் ஒரு குத்து, காதில் ஒரு குத்து. ஆள்கள் ஓடி வந்தார்கள். கோட் தையலோடு கிழிந்து கழன்று, வெள்ளைச் சேட்டுக்கு மேலே கறுப்பு வாரும் உறையும் வெளியே தெரிந்ததும் ஓடி வந்தவர்கள் அப்படியே பின்னால் போனார்கள். மேளம் பாதியில் நின்றது. ஆருஷும் அவர்களோடு சேர்ந்து ஒரு அடி பின்னால் வைத்தான். அந்த ஒரு அடி போதுமாக இருந்தது. தேய்ந்த தோள்மூட்டு கிறீச்சிட, இராஜசிங்கம் பிஸ்டலை உருவி எழும்பினார்.

சுடவில்லை. அவனுக்குப் பின்னால் தண்ணீர்ப் பந்தல், அதற்குள் ஒரு கூட்டம் பிள்ளைகள். பிஸ்டலின் குழாயைப் பிடித்துக்கொண்டு அதன் பிடியால் அடித்தார். முதல் அடி வாயில் விழுந்தது. உடைந்த பல்லோடு இரத்தம் சந்தனத்தில் வழிந்தது. அவன் முழங்காலில் விழுந்தான். இரண்டாம் அடி தாடையில், இடது பக்கம், இடம் பார்த்து. மூன்றாம் அடியோடு கணக்கு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. அடிக்க அடிக்கச் சுகமாக இருந்தது. அதை அவர் மறுக்க மாட்டார். ஜெனனிக்கு ஆறு வயதாக இருந்தபோது ஜெயமலரின் முகத்தில் கடைசியாக விழுந்த கை அது. அதற்குப் பிறகு யாரையும் தொட்டதில்லை, திருந்திவிட்டேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். கைக்கு ஒன்றும் மறந்திருக்கவில்லை. அன்னதானச் சமையலிலிருந்து ஓடி வந்த ஜெயமலர் கையில் அகப்பையோடு பாதி வழியில் நின்றுவிட்டாள். அவள் கூப்பிடவில்லை, தடுக்கவுமில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆருஷ் அசையாமல் கிடந்தான். மூச்சு மட்டும் இரத்தத்துக்குள் கொப்பளித்தது. யாரோ ஜெர்மனில் பொலிசுக்கு முகவரி சொல்லிக்கொண்டிருந்தார்கள். இராஜசிங்கம் நிமிர்ந்தார். வாயெல்லாம் உப்புக் கரித்தது. வாசற்படியில் ஜெனனி நின்றாள், அவளைச் சுற்றி யாருமில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, இனி இவளை யாரும் தொடமாட்டார்கள் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. பிஸ்டல் வலது கையில் இருப்பதை மறந்து, இடது கையை நீட்டிக்கொண்டு அவளிடம் போனார்.

"வா பிள்ளை. வீட்டை போவம்."

ஜெனனி இரண்டு முழங்கைகளையும் உயர்த்தி முகத்துக்கு முன்னால் சேர்த்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடி, தலையை அதற்குள் புதைத்து, அடி விழுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.