மீனுக்கு ஊற்றிய தலைத்தண்ணீர்

ஞானம்மாள் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. அந்த வீட்டில் இருப்பதே மூன்று பேர். மகன் சிங்காரம் காலையில்தான் தலையைப் படிய வாரிக்கொண்டு அரக்கோணம் ரயிலுக்கு ஓடினான். மருமகள் மனோரமா சற்று முன் குழாயடியில் என் குடத்துக்குப் பின்னால் நின்றாள். ஞானம்மாளோ கல்லுக்குண்டு மாதிரி வாசலில் நின்று வேப்பங்கொத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அப்படியானால் அம்மை யாருக்கு? எதிர்வீட்டில் இருந்துகொண்டு இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. போய்க் கேட்டேன்.

“மீனுக்கு,” என்றாள் ஞானம்மாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

மனோரமா பழவேற்காட்டுப் பெண். அவள் அப்பாவுக்கு அங்கே மளிகைக்கடை. கல்யாணமாகி வந்த புதிதில், கடல் சத்தம் கேட்காமல் தூக்கம் வரவில்லை என்று அழுதாளாம். திருத்தணியில் மலை இருக்கிறது, மலைமேல் முருகன் இருக்கிறார், கடலுக்கு எங்கே போவது? சிங்காரம் பட்டணத்தில் மூர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கண்ணாடித் தொட்டியும் காற்றடிக்கும் சின்ன மோட்டாரும் வாங்கிவந்தான். அவள் அண்ணன் துளசிங்கம், கண்டக்டர்களோடு சண்டை போட்டு, கேன் கேனாகக் கடல் தண்ணீரும் கையகலத்தில் இரண்டு மீனும் கொண்டுவந்து விட்டான். ஒன்று செத்துப்போய், மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட ஒன்று மட்டும் மிச்சம். கரண்ட் போனால் மனோரமா சைக்கிள் பம்பை வைத்துக் காற்றடிப்பாள். தினமும் காலையில் தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்து உப்பு பார்ப்பாள். “மீன் மூத்திரத்த நக்கறா” என்று தெருக்கோடி வீட்டுக் கன்னியம்மாள் குழாயடி முழுக்கப் பரப்பினாள். கன்னியம்மாளுக்கு வேறு வேலை கிடையாது. எனக்காவது எதிர்வீடு என்ற நியாயம் இருக்கிறது.

அந்த மீனுக்குத்தான் உடம்பெல்லாம் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. கல்லில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து நீந்தியது. அம்மை என்று முதலில் சொன்னதும் கன்னியம்மாள்தான். சொல் வாயிலிருந்து வந்துவிட்டால் ஞானம்மாளுக்கு அது ஆத்தா வாக்கு. வீட்டில் தாளிப்பு நின்றது. மருந்து என்ற பேச்சே கூடாது என்றாகிவிட்டது. அதைவிடப் பெரிய சங்கடம், ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளை வேண்டி மகன் தோளில் காவடி வைப்பதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். அம்மை கண்ட வீட்டிலிருந்து மலையேற முடியாது. அதற்குள் ஆத்தாளைக் குளிரவைத்து அனுப்பியாக வேண்டும்.

தகவல் போய்த் துளசிங்கம் வந்தான். மீன்பிடிக்கிறவர்களோடு பழகியவன், பார்த்ததுமே சொன்னான்.

“அம்மையும் இல்ல, கிம்மையும் இல்ல அத்தே. இது பூச்சி. மீன் மேல ஒட்டிகினு ரத்தம் உறிஞ்சுது. வேற பேசின்ல வுட்டு, உப்பக் கொஞ்சம் கொஞ்சமா கொறச்சிகினே வரணும். மீன் தாங்கும், பூச்சி தாங்காது. ஆனா உதுந்த பூச்சி தொட்டி மணல்ல கெடந்து குஞ்சு பொரிக்கும். ஒரு மாசத்துக்கு மேல தொட்டியில மீன வுடவே கூடாது.”

“ஆத்தாளப் பூச்சின்ற. நாக்கு அழுவிப்பூடும் உனக்கு,” என்றாள் ஞானம்மாள்.

மருந்தில்லை, வெறும் தண்ணீர்தான் என்பதால் மீன் பேசினோடு புழக்கடைக்குப் போனது. மனோரமா அங்கேயே குந்திக்கொண்டு, ஒரு செம்பு நல்ல தண்ணீர் சேர்ப்பதும், நாக்கில் வைத்துப் பார்ப்பதும், பழைய தண்ணீரை இறைப்பதுமாகக் கிடந்தாள். கைவிரலெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது. அவள் எழுந்து போன சமயம் பார்த்து ஞானம்மாள் வெயிலில் வைத்த மஞ்சள் தண்ணீரை வேப்பிலையோடு ஒரு கை ஊற்றுவாள். அம்மை இறங்கின பிள்ளைக்கு ஊற்றுகிற தலைத்தண்ணீராம். மனோரமா வந்து மறுபடியும் இறைப்பாள். கடைசியில் புள்ளிகள் உதிர்ந்தன. மீன் பளபளவென்று திரும்பியது. உடனே ஞானம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? கடைசித் தலைத்தண்ணீரை ஊற்றி, ஆத்தா போய்விட்டாள் என்று வாசல் வேப்பிலையைப் பிடுங்கிப் போட்டு, மருமகள் குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில் மீனை அள்ளிப் பழையபடி கூடத்துத் தொட்டியில் விட்டுவிட்டாள். தலைக்கு ஊற்றின பிள்ளையைப் புழக்கடையிலா வைப்பார்கள் என்று நியாயம் வேறு.

குடத்தோடு வந்த மனோரமா தொட்டியைப் பார்த்து நின்றதை நானும் பார்த்தேன். “மணல்ல இருக்குது அத்தே. திரும்பவும் ஏறும்,” என்றாள்.

“அம்மை ஒருதரம் போட்டா மறுபடியும் போடாதுடி. காவடி எறங்கறவரைக்கும் அதுமேல கை வெக்காத. தெய்வ குத்தம்.”

சிங்காரத்தைக் கேட்டேன், நானே போய்க் கேட்டேன். “ஏம்பா, பொண்டாட்டிக்கு ஆசையா வாங்கிக் குடுத்தவன் நீ. ஒரு வார்த்த சொல்லக்கூடாது?”

“சாமி விசயத்துல நான் இன்னாத்த சொல்றது அக்கா,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் செருப்பை நானே எடுத்திருப்பேன்.

கிருத்திகையன்று புஷ்பக் காவடி நன்றாகவே நடந்தது. மலையிறங்கி வந்ததும் சொந்தக்காரர்கள் கூடத்தை அடைத்துக்கொண்டார்கள். தொட்டிக் கண்ணாடியில் மூன்று குங்குமப் பொட்டு. கன்னியம்மாள் கற்பூரம் வேறு காட்டினாள். “எங்க ஆத்தா மீனுக்கும் எறங்கினா,” என்று ஞானம்மாள் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். உப்பு பார்த்துப் பார்த்து நாக்கு மரத்துப்போன மனோரமா கூடத்து ஓரத்தில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

கற்பூர வெளிச்சத்தில் மீன் திரும்பியது. வாலருகில் ஒரு வெள்ளைப் புள்ளி. செவுளுக்குக் கீழே இன்னொன்று. எனக்கு முன்னாலேயே மனோரமா பார்த்துவிட்டாள். இலைகளைக் கீழே வைத்துவிட்டுப் புழக்கடைக்குப் போய் பேசினோடு வந்தாள். கூட்டம் தானாக ஒதுங்கியது.

“தொடாதடி,” என்றாள் ஞானம்மாள்.

மனோரமா நின்றாள். “அம்மை ஒருதரம் போட்டா மறுபடியும் போடாது. நீங்கதான சொன்னீங்க அத்தே. இங்க பாருங்க, போட்டிருக்குது.”

ஞானம்மாள் குனிந்து தொட்டிக்குள் உற்றுப் பார்த்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் நின்ற சிங்காரம், அவள் தண்ணீரில் கைவிடத் தோதாக, யாரும் சொல்லாமலே மோட்டார் ஒயரைப் பிடுங்கினான். தொட்டியில் குமிழி அடங்கியது. மனோரமா வளையலோடு முழங்கைவரை கையை விட்டு மீனை ஏந்தினாள். அது இரண்டு தரம் துள்ளி பேசினுக்குள் விழுந்தது. கண்ணாடியில் ஒரு குங்குமப் பொட்டு அவள் கைபட்டுக் கரைந்து கீழே வழிந்தது. பேசினை இடுப்பில் அணைத்துக்கொண்டு நடந்தவள், புழக்கடை வாசற்படியில் ஒரு நொடி நின்று, முழங்கையில் வடிந்துகொண்டிருந்த தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்த்தாள்.