இருபத்தைந்தாவது தக்காளி

வியாபாரி பொய் சொல்வதில்லை. உண்மையைத் தனக்கு வசதியான இடத்திலிருந்து எண்ண ஆரம்பிப்பான், அவ்வளவுதான். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருந்த மாதப்பனும் அந்த ரகம்.

அவர் மண்டியில் தக்காளியைத் தரம் பிரிக்கும் பெண்களுக்கு நாள் கூலி ஐந்நூறு. தை மாதம் விலை படுத்ததும் எல்லோரையும் கூப்பிட்டு, கூலியில் இருபது பர்சன்ட் குறைப்பதாகச் சொன்னார். ஐந்நூறு நானூறானது. விலை ஏறினால் அதே இருபது பர்சன்ட்டை ஏற்றித் தருவேன் என்று கல்லாப்பெட்டி மேல் கை வைத்து வாக்கும் கொடுத்தார். ஆடி பிறந்தது, விலை ஏறியது. வாக்குத் தவறாமல் ஏற்றினார்.

அந்தப் பெண்களை வேலைக்குக் கூட்டி வருபவள் நிர்மலா. சனிக்கிழமைதோறும் மொத்தக் கூலியை வாங்கிப் பிரித்துக் கொடுப்பதும் அவள்தான். அந்தச் சனிக்கிழமை எப்படிப் பிரித்தாலும் நாளுக்கு நானூற்று எண்பதுதான் தேறியது.

கூட்டத்திலேயே மூத்தவளான குள்ளம்மாள் தன் பங்கை எண்ணினாள். எச்சில் தொட்டு மறுபடி எண்ணினாள்.

"இருபது கொறைச்சாரு, இருபது ஏத்திட்டாரு. நடுவுல அந்த இருபது ரூவா எந்த முந்தானையில முடிஞ்சிருக்குது நிர்மலா?"

யாரும் சிரிக்கவில்லை. நிர்மலா மாதப்பனிடம் ஓடினாள். எடுத்ததை எடுத்த கணக்கிலேயே திருப்பிவிட்டேன் என்று எல்லோர் காதும் கேட்க அவர் சொன்னார். சந்தேகம் என்று வந்துவிட்டால், வருகிற வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அவளே கற்பூரம் அணைத்துவிடுவதுதான் நல்லது என்று யோசனையும் சொன்னார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால், அதற்கப்புறம் அந்தப் பேச்சை ஊரில் யாரும் எடுக்கக் கூடாது. இருபது ரூபாயைப் பற்றியும் பேசக் கூடாது என்பது சேர்த்தி. ஆனால் சத்தியம் பண்ணின வூடு என்ற பெயர் மட்டும் போகாது. பெண் கேட்டு வருகிறவன்கூட அதை விசாரித்துவிட்டுத்தான் வருவான். நிர்மலாவுக்கு ஒரே மகள், காவியா, ஏழாம் வகுப்பு.

வியாழக்கிழமை சாயங்காலம் காவியா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நிர்மலா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கணக்கு இதுதான்: ஐந்நூறு ரூபாய்ச் சட்டைக்கு ஆடித் தள்ளுபடி இருபது சதவீதம். ஆடி முடிந்ததும் அந்தத் தள்ளுபடி விலையில் இருபது சதவீதம் ஏற்றினார்கள். இப்போது என்ன விலை? விடை என்று காவியா எழுதியதை நிர்மலா எட்டிப் பார்த்தாள். நானூற்று எண்பது. அந்த வாரம் முழுக்க அவளைத் தூங்கவிடாத எண்.

"இருபது கொறைச்சு இருபது ஏத்தினா பழையபடி ஐந்நூறுதானடி? மிச்சத்த யாரு தின்னது?"

சொன்ன பிறகுதான், அது குள்ளம்மாளின் கேள்வி என்று அவளுக்கே உறைத்தது.

"யாரும் திங்கலம்மா. கொறைக்கறப்ப ஐந்நூறுல இருபது பர்சன்ட், அது நூறு. ஏத்தறப்ப நானூறுலதான இருபது பர்சன்ட்? எண்பதுதான் வரும்."

அரிவாள்மணையில் கை நின்றது.

"இன்னொரு தடவ போட்டுக் காட்டு" என்றாள் நிர்மலா.

ஆடி வெள்ளி என்பதால் கோயிலில் நல்ல கூட்டம். மண்டிப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தட்டில் கற்பூரம் எரிந்தது. நிர்மலா கையை நீட்டவில்லை.

கூட்டம் முணுமுணுத்தது. மாதப்பன் கனிவாகச் சொன்னார்:

"பயமா இருந்தா சொல்லிடும்மா. நான் பெருசு பண்ண மாட்டேன்."

அவள் பையிலிருந்து தக்காளிகளை எடுத்து, கோயில் படியில் ஐந்தைந்தாக அடுக்கினாள். குள்ளம்மாளை எண்ணச் சொன்னாள். இருபத்தைந்து.

"அஞ்சுல ஒண்ணுதான் இருபது பர்சன்ட் அத்தே. அத எடு."

குள்ளம்மாள் ஐந்து தக்காளிகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப படியில இருபதுதான் இருக்குது. இந்த இருபதுல அஞ்சுல ஒரு பங்கு எவ்வளவோ, அத மட்டும் திருப்பி வையி."

குள்ளம்மாள் ஒவ்வொன்றாக வைத்தாள். நான்கு வைத்ததும் கை நின்றது. ஐந்தாவது மடியிலேயே கிடந்தது. கூடைக்குள் ஒரே ஒரு சொத்தை இருந்தாலும் கண்டுபிடிக்கிற கண்கள் அத்தனையும் படியிலிருந்த அந்த வெற்றிடத்தைப் பார்த்தன. இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் ஐந்நூறுக்கு இருபது. அதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

"கொறைச்சது பெரிய குவியல்ல, ஏத்துனது சின்னக் குவியல்ல. எம் முந்தானையில ஒண்ணுமில்ல அத்தே."

மாதப்பன், தான் சொன்ன பர்சன்ட்டைச் சொன்னபடி கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லைதான்.

"அப்ப நீங்க கைய வையுங்க. எடுத்தது நூறு, குடுத்தது நூறுன்னு சொல்லி அணைச்சுடுங்க" என்றாள் குள்ளம்மாள்.

கற்பூரம் பாதியாகியிருந்தது. மாதப்பன் அதன் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. எந்தச் சரக்கைத் தொடக் கூடாது என்பது தெரிந்த மனுஷர். நாளையிலிருந்து ஐந்நூறு என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அதுவரைக்குமான பாக்கியைப் பற்றி அவர் பேசவில்லை. அவர்களும் கேட்கவில்லை. முகம் தொங்கிப் போகிற முதலாளியைச் சில்லறைக்காகத் திரும்பக் கூப்பிட்டால், மறுநாளே வேலை இருக்காது.

கற்பூரம் தானாகவே அணைந்தது. குள்ளம்மாள் மடியில் கிடந்த தக்காளியை நிர்மலாவின் பையில் போட்டாள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை நிர்மலா கூலி பிரித்தாள். ஒவ்வொருத்தியும் வாங்கியதும் தள்ளிப்போய்த் திரும்பி நின்று எண்ணிப் பார்த்தாள். நிர்மலா அதைக் கவனிக்காதவள்போல் அடுத்த பங்கைப் பிரித்தாள். கடைசியாக வந்தவள் குள்ளம்மாள். நோட்டுகளை வாங்கினாள், எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நிர்மலாவையும் கூப்பிட்டாள்.