விருந்தினர் போக மிச்சம்

பிம்லா அன்று காலையில் மறுபடியும் அண்டாவில் பனியை அள்ளிப் போட்டு உருக்கிக்கொண்டிருந்தாள். இரவுக் குளிரில் குழாய் உறைந்து போயிருந்தது. மாடியிலிருந்து ஒரு குரல் வெந்நீர் கேட்டது. அதைக் கொடுத்தனுப்பியதும் பக்கத்து அறையிலிருந்து இன்னொரு குரல், குழாயைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் வரவில்லையே என்று குறைபட்டது. பனியைப் பார்க்கத்தான் எல்லோரும் அவ்வளவு தூரம் வருகிறார்கள். அந்தக் குளிர் குழாய்க்குள்ளும் போகும் என்பது மட்டும் ஒருவருக்கும் புரிவதில்லை.

பனிச்சறுக்குக்குப் பேர்போன சோலாங் சரிவுக்குக் கீழே, ஆப்பிள் தோட்டத்துக்கு நடுவில் இருந்த அந்த வீட்டை அவள் கணவன் தேக் ராம் விடுதியாக மாற்றிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. முதலில் மாடியில் ஒரு அறையை மட்டும் வாடகைக்கு விட்டான். கூட்டம் நன்றாக வரவே அடுத்த அறையையும் விட்டான். பிறகு வெயில் விழுகிற மூலை அறையின் மேல் கண் விழுந்தது. அது மகள் சுனைனாவின் அறை. பனிக்காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லி, அவளுடைய பாடப்புத்தகங்களைத் தானே சுமந்து வந்து சமையலறை அலமாரியில், ராஜ்மா டப்பாவுக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் நடுவே அடுக்கினான். பனி உருகியதும் கோடைக் கூட்டம் வந்தது. அது போனதும் தேனிலவுக்காரர்கள் வந்தார்கள். அறை திரும்பி வரவேயில்லை. வீட்டுக்காரர்கள் மூவரும் சமையலறையில் அடுப்பைச் சுற்றிப் படுத்துக்கொண்டார்கள்.

தேக் ராம் கெட்டவன் இல்லை. வந்தவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்பது அவனுக்கு ஒரு பித்தாகவே ஆகிப்போயிருந்தது. யாராவது கைபேசியில் அவன் விடுதிக்கு ஒரு நட்சத்திரம் குறைத்துப் போட்டுவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. மகள் சாப்பிட்டாளா என்று கேட்கத்தான் மறந்துபோகும்.

சுனைனா பன்னிரண்டாம் வகுப்பில் படித்தாள். சிறு பிள்ளையிலேயே உடைந்த பெட்டிப் பலகையைக் காலில் கட்டிக்கொண்டு அந்தச் சரிவில் வழுக்கியவள். போன குளிர்காலத்தில் பள்ளிகளுக்கு இடையே நடந்த பனிச்சறுக்குப் பந்தயத்தில் முதலாவதாக வந்து, நல்ல சறுக்குப் பலகைகளைப் பரிசாக வாங்கியிருந்தாள். இந்த வருஷம் மாநில அணிக்கு ஆள் எடுக்கும் பந்தயம் அவர்கள் சரிவிலேயே நடக்க இருந்தது. அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேரலாம். விடிந்தும் விடியாமலும், சுற்றுலாக் கூட்டம் வருவதற்குள் மேலே போய்ப் பழகிவிட்டு வருவாள். வந்ததும் வெந்நீர் சுமக்க வேண்டும், பரோட்டா போட வேண்டும், அறை பெருக்க வேண்டும். பகலில் சரிவு முழுக்க வாடகைக் கோட்டும் பூட்ஸுமாக ஜனம் உருண்டுகொண்டிருக்கும். ஊர்க்காரப் பெண்ணுக்கு அங்கே நிற்கக்கூட இடம் இருக்காது.

பந்தயத்துக்கு முந்தின நாள் நல்ல பனி. மூலை அறையில் குருகிராமிலிருந்து வந்த மல்ஹோத்ராவும் அவர் மனைவியும் தங்கியிருந்தார்கள். ராஜ்மா அலுத்துவிட்டது, பனீர் கிடைக்குமா என்று அந்த அம்மாள் கேட்டாள். தேக் ராம் உடனே மகளைக் கடைவீதிக்கு அனுப்பினான். அவள் போன வேன் பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னே நின்ற வண்டிகளிலிருந்து ஜனங்கள் இறங்கி, சாலை நடுவில் பனியை வாரி ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தார்கள். ஓட்டுநர் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனார். சுனைனா இறங்கி நடந்தே போய், நடந்தே திரும்பினாள்.

வீட்டுக்குள் நுழைந்தவள் கண்ணில் முதலில் பட்டது வெறும் சுவர்தான். ஆணியில் மாட்டியிருந்த பலகைகளைக் காணோம்.

"அம்மா, என் பலகை எங்க?"

"நீதான காலையில எடுத்துட்டுப் போன?"

"காலையில கொண்டுவந்து மாட்டிட்டேனே. அப்புறம்தான பனீர் வாங்கப் போனேன்."

பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டு தேக் ராம் உள்ளே வந்தான். இருவர் முகத்தையும் பார்த்ததும் அவனாகவே சொன்னான். வாடகைக் கடைகளில் ஒரு ஜோடி பலகை மிச்சமில்லை. ஆனால் மல்ஹோத்ராவிடம் முன்னமே ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லியாகிவிட்டது.

"கொஞ்ச நேரந்தாம்மா. சொன்ன பிறகு இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"அவரு பூட்ஸ் அதுல சேராதேப்பா."

"திருகாணியத் தளர்த்திக் குடுத்தேன்."

சுனைனா பனீர் பொட்டலத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டுச் சரிவில் மேலே ஓடினாள். அவள் பாதி ஏறுவதற்குள் மல்ஹோத்ராவே நொண்டிக்கொண்டு இறங்கி வந்தார். ஓரமாக, பனி மெலிந்திருந்த இடத்தில் பாறைமேல் ஏறிவிட்டார். ஒரு பலகை முன்பக்கம் பிளந்திருந்தது. மற்றதில் பூட்ஸைப் பிடிக்கும் கொக்கி பிய்ந்து தொங்கியது. பாறை இருக்கிற இடத்தில் ஒரு எச்சரிக்கை எழுதி வைத்திருக்கலாமே என்று அவர் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். தேக் ராம் வாசலிலேயே சிரித்த முகமாக எதிர்கொண்டான்.

"பரவாயில்ல சார். உங்களுக்கு அடி படலையே, அது போதும்."

உள்ளே பனீரை நறுக்கிக்கொண்டிருந்த பிம்லா கத்தியைக் கீழே வைத்தாள். விருந்தினர் வீட்டில் இருக்கும்போது சத்தம் போட்டுப் பழக்கமில்லாததால் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பழக்கத்தின் மேலேயே அவளுக்கு அன்றைக்கு எரிச்சல் வந்தது.

மறுநாள் சுனைனா பக்கத்து வீட்டுக் கடைக்குக் காலையில் திரும்பி வந்த வாடகைப் பலகை ஒரு ஜோடியை வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். ஊரார் காலெல்லாம் பட்டு ஓரம் மழுங்கிப்போன பலகைகள். தேக் ராம் தன் விடுதிக்காரர்களை அழைத்து வந்து, நன்றாகத் தெரிகிற இடத்தில் நாற்காலி போட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பந்தயம் பார்ப்பதும் ஒரு பொழுதுபோக்கு என்று அவர்களிடம் சொல்லியிருந்தான். மகள் முறை வந்ததும் கெட்டிலைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தான்.

பாதையில் திருப்பத்துக்கு ஒன்றாக நட்டிருந்த கொடிகளில் முதலாவதை ஒழுங்காகவே கடந்தாள். அடுத்த திருப்பத்தில் பலகை பிடிமானம் இல்லாமல் விலகியது. அதைச் சமாளிப்பதற்குள் இன்னொரு கொடி வந்துவிட்டது. பக்கவாட்டில் விழுந்து கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனாள். எழுந்து, பனியைத் தட்டிக்கொண்டு, மிச்சத் தூரத்தையும் சறுக்கி முடித்தாள். அணியில் இடமில்லை என்று யாரும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை.

"பாவம், இந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்க ஆள் இல்ல போல" என்றாள் மல்ஹோத்ராவின் மனைவி.

"அது என் மக, மேடம்."

"உங்களுக்கு மக இருக்காளா அண்ணா? வீட்டுல பாக்கவே இல்லையே?"

கீழே சுனைனா தலைக்கவசத்தைக் கழற்றினாள். அந்த அம்மாள் உற்றுப் பார்த்தாள்.

"இது வெந்நீர் கொண்டு வர்ற பொண்ணுல்ல? வேலைக்கு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. மல்ஹோத்ராவுக்கு அப்போதுதான் வேறொன்று உறைத்தது.

"அப்போ நேத்து நான் எடுத்துட்டுப் போனது இவ பலகையா?"

தேக் ராம் தலையசைத்தான்.

"சொல்லியிருக்கலாமே. நான் நாளைக்குச் சறுக்கினா என்ன, சறுக்காமலே போனா என்ன? எனக்கா பந்தயம்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் குடியே முழுகிவிடும் என்று இத்தனை வருஷம் தேக் ராம் பயந்திருந்தான். சொல்லியிருந்தால் எதிரில் இருப்பவர் சரி என்று எழுந்து போயிருப்பார். அவ்வளவுதான் விஷயம். கெட்டிலை நாற்காலியில் வைத்துவிட்டுச் சரிவில் இறங்கினான். மகள் குனிந்து கொக்கிகளை விடுவித்துக்கொண்டிருந்தாள். அவன் பலகைகளை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். என்ன பேசுவது என்று தெரியாமல், அடுத்த வருஷம் ஜெயித்துவிடலாம் என்றான்.

"அடுத்த வருஷமும் சீசன் வரும்ப்பா" என்றாள் சுனைனா. குரலில் கோபம்கூட இல்லை. அலுப்புதான் இருந்தது.

மல்ஹோத்ரா தம்பதி மறுநாள் ஊருக்குக் கிளம்பினார்கள். அவர்கள் வண்டி தெருவைத் தாண்டியதும் தேக் ராம் அலமாரியிலிருந்து புத்தகங்களை எடுத்து மூலை அறைக்குச் சுமந்தான். வாடகைக்காரர்களுக்காகப் போட்ட இரண்டாவது கட்டிலைப் பிரித்து வெளியே இழுத்தான். பாதியில் கைபேசி அடித்தது. யாரோ அடுத்த வாரத்துக்கு அறை கேட்டார்கள், அதுவும் வெயில் விழுகிற மூலை அறையாகவே வேண்டுமாம். இருக்கிறது என்று சொல்ல வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. அப்புறம்தான் நின்றான்.

"இல்ல சார். அதுல என் மக இருக்கா. பரீட்சைக்குப் படிக்கறா."

மறுமுனையில் அதிக வாடகை தருவதாகச் சொன்னார்கள் போலிருக்கிறது. இல்லை என்றே மறுபடி சொல்லி வைத்துவிட்டு, மனைவியைப் பார்த்தான். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. பிம்லா கட்டிலின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஊர் விட்டு ஊர் வர்றவங்கள நல்லாப் பாத்துக்க வேண்டியதுதான். யாரும் வேண்டாங்கல. ஆனா வீட்டுப் புள்ளைக்கு வேணுங்கறத எடுத்து வெச்சுட்டு, மிச்சத்தத்தான் வாடகைக்கு விடணும். நீங்க எல்லாத்தையும் வாடகைக்கு விட்டுட்டு, மிச்சத்துல புள்ளைய வளத்தீங்க."