மேட்டுப்பாளையம் போய் வந்த கிழங்கு

வேலாத்தாள் போட்ட முடிச்சு மாரப்பனுக்குப் பிடிக்கவில்லை. உருளைக்கிழங்கு மூட்டைகளின் வாயை அவள் மஞ்சள் பனியன் வேஸ்ட் துணியால் இறுக்கி, மேலே இரட்டை முடிச்சும் போட்டிருந்தாள்.

"ஏம்புள்ள, இப்படிக் கட்டுனா மண்டியில எப்படி அவுத்துப் பாப்பாங்க?"

"பாக்கோணும்னு நெனைக்கறவன் அவுத்துக்குவானுங்க."

புருஷன் சிரித்துக்கொண்டே மூட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்தான். குன்னத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்பிய லாரி புளியம்பட்டி தாண்டிக் கவிழ்ந்தது. மூட்டைகளை ஏற்றிப் போக ஒரு மணி நேரத்தில் வேறு லாரி வந்துவிட்டது. வெயில் பட்டால் கிழங்கு பச்சையடித்துவிடுமாம். மாரப்பனை எடுத்துப் போகும் வண்டி பொழுது சாயத்தான் வந்தது.

நம் பக்கத்து மண்ணிலும் உருளை விளையும் என்று முந்தைய ஐப்பசியில் ஜீப்பில் வந்து சொன்ன அதிகாரி, விதை கொடுத்தார், நட்டுக் காட்டினார், போட்டோவும் எடுத்துக்கொண்டார். விளைந்ததை எங்கே விற்பது என்று மாரப்பன் கேட்டதற்கு, அது வேறு டிபார்ட்மெண்ட் என்றார்.

மாரப்பனின் காரியம் முடிந்தபோது பாதிக் காடு தோண்டாமல் கிடந்தது. துக்க வீடென்று கிழங்கு காத்திருக்குமா? மாசி வெயிலில் மண் சுட்டால் உள்ளேயே அழுகிவிடும். எல்லோரும் மேட்டுப்பாளையம் மண்டிக்கே அனுப்பச் சொன்னார்கள். அந்த ரோட்டில் இன்னொரு மூட்டை போகாது என்று வேலாத்தாள் வீம்பாக நின்றாள். முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி மெஸ்ஸில் நானூறு பேர் சாப்பிடுகிறார்கள். அவர்கள் வாங்கினால் போதும். இரண்டு மூட்டைகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

மெஸ் மேனேஜர் சாமியப்பன் அவளை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, மாரப்பனுக்காக முறையாக வருத்தப்பட்டுவிட்டு, கிழங்கு மட்டும் வேண்டாம் என்றான். உள்ளூர்க் கிழங்கு சரியாக வேகாதாம். பம்பாய்ப் பார்ட்டிகள் வந்து சாப்பிடுகிற இடமாம். மேட்டுப்பாளையம் மண்டியில் எடுக்கிற ஊட்டிக் கிழங்குதான் சரிப்படுமாம். கண்ணாலேயே பார்க்கட்டும் என்று ஸ்டோர் ரூமையும் திறந்து காட்டினான்.

மண்டி முத்திரை குத்திய ஊட்டிக் கிழங்கு வரிசையாக நின்றது. மூட்டைக்கு மூட்டை மஞ்சள் வேஸ்ட், இரட்டை முடிச்சு. ஒன்றைக்கூட எவரும் அவிழ்த்திருக்கவில்லை.

"இது என்ற முடிச்சுங்க தம்பி. எங்க காட்டுக் கெழங்கு."

சாமியப்பன் முடிச்சைத் தடவிப் பார்த்தான். அவள் சொன்னதை நம்பவும் செய்தான்.

"இருக்கட்டுங்க அக்கா. அது மேட்டுப்பாளையம் போயிட்டு வந்திருக்குதல்லங்க?"

டெம்போ இரண்டு மூட்டைகளோடும் திரும்பியது. மறுவாரம் மீதிக் கிழங்கைத் தோண்டி, மூட்டை பிடித்து, வேலாத்தாளே நின்று மேட்டுப்பாளையம் லாரியில் ஏற்றிவிட்டாள். குன்னத்தூருக்கும் முதலிபாளையத்துக்கும் நடுவே முப்பது மைல்கூட இல்லை. இன்றைக்கும் அவ்வளவுதான்.