நெல்லி மரத்துக்குக் கிழக்கே

…நெல்லி மரத்துக்குக் கிழக்கே என்றுதான் பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறான், ஆனால் மரமே இல்லையென்றால் கிழக்கை எங்கிருந்து அளப்பது, முத்துச்செல்வம் இடுப்பளவு உண்ணிச்செடிக்குள் நின்றுகொண்டு கையிலிருந்த வால்வு சாவியால் புதரை விலக்கினான், மரம் எப்போது போனது, ஒக்கிப் புயல் அடித்த வருஷமா, இல்லை யாராவது விறகுக்கு வெட்டினார்களா, தினமும் இந்த ஐந்தருவி ரோட்டில் போய் வருகிறவனுக்கு ஒரு மரம் போனது தெரியாமலா இருக்கும்… தெரியாமல்தான் இருந்திருக்கிறது, இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவனுக்கு எப்படித் தெரியும். சாரல் தூறிக்கொண்டிருந்தது. கீழே ரோட்டோரத்தில் மஞ்சள் ஜேசிபி நனைந்துகொண்டு நின்றது, அதை ஓட்டுகிற சுடலைராஜ் இட்லி சாப்பிடப் போயிருக்கிறான், எட்டு மணிக்கு ஆரம்பிச்சுருவேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுத்தான் போனான், மணி இப்போது ஏழரை. மேலத்தெருவுக்குத் தண்ணீர் திறந்து, அடைத்து, சாவியைக்கூடப் பேரூராட்சி ஆபீசில் வைக்காமல் நேரே இங்கே வந்திருந்தான், ஆளுயர இரும்புக் கம்பி, அதை வைத்து மண்ணைக் குத்திப் பார்த்தான், எங்கே குத்தினாலும் வேர், எங்கே குத்தினாலும் கல். உண்ணிச்செடி, கம்யூனிஸ்ட் பச்சை, நாயுருவி, அதற்கெல்லாம் நடுவே நடக்கிற காலைப் பார்த்துக் கூசி மூடிக்கொள்கிற தொட்டாற்சுருங்கி, திரும்பிப் பார்த்தால் அவன் வந்த வழி மட்டும் வாடின மாதிரி ஒரு கோடாகத் தெரிந்தது, ஐந்து நிமிஷத்தில் அதுவும் விரிந்துகொள்ளும், அப்புறம் யாரும் இங்கே நடந்த அடையாளமே இருக்காது. நாற்பது சென்ட் சரிவில் ஒரு தும்பைகூட இல்லை. அதுதான் அவனுக்கு முதலில் பயமாக இருந்தது.

பயமென்ன பயம், புதைத்தது நீயா… கேள்வி அவனுக்குள்ளிருந்தே வந்தது, புதைத்தது அவன் இல்லை. அன்றைக்கும் இதே மாதிரி ஆனி மாதத்துச் சாரல், இதைவிடப் பெரிதாக. தென்காசியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் வந்து வெள்ளைத் துணியில் சுற்றியதை அவன் கையில் கொடுத்தாள், வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றிருந்தது, ஒன்பதாம் மாதம், பெண் குழந்தை, ரத்தம் நிற்காததால் கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது, தாய்க்கு நாளைக்குத்தான் நினைவு வரும் என்று ஒன்றன்பின் ஒன்றாக யாரோ சொல்லிக்கொண்டே போனார்கள், சொந்த மண்ணில் வைங்கடே என்று அவனுடைய அப்பா சொன்னார், அப்போது ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த கூட்டாளி பீர் மைதீன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். தென்காசியிலிருந்து இங்கே வருகிறவரை அது இடது தொடையில் இருந்தது. அந்தக் கனம் இன்னும் அங்கேயே இருக்கிறது, பஸ்ஸில் யாராவது பையை மடியில் வைத்தால் எழுந்துவிடுவான், ஆனால் அந்த நாலு மைலில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, துணியை விலக்கிப் பார்க்கத் தோன்றவில்லை, தோன்றியது, கை போகவில்லை. வண்டி நின்றதும் அவனுக்குக் கால் எழவில்லை. பீர்தான் அதை வாங்கிக்கொண்டான், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் ஏறிப் போனான், இவன் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான், அங்கிருந்து பார்த்தால் தெரிந்த ஒரே மரம் அந்த நெல்லி. அரைமணி நேரம் கழித்து முழங்கை வரை சேறாக இறங்கி வந்த பீர், முடிஞ்சுதுலே, என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறம் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை, எத்தனையோ பேசியிருக்கிறார்கள், அதைப் பேசியதில்லை.

மறுநாள் சாயங்காலம் அவன் மனைவி சத்யபிரியா கண் திறந்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி, எங்கன வச்சீய. இரண்டாவது, எப்படி இருந்தா. என்ன சொல்லியிருக்க வேண்டும்… பார்க்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும், ஒரு நொடிதான், அந்த நொடியைத் தாண்டிவிட்டால் பிறகு சொல்லவே முடியாது என்று யாருக்குத் தெரியும். நெல்லி மரத்துக்குக் கிழக்கே வச்சிருக்கு, நானே தோண்டினேன், பீர் குடை பிடிச்சான், தூங்குத மாதிரி இருந்தா, தலை நிறைய முடி, என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, முடி இருந்துச்சா, என்று மட்டும் கேட்டாள். அப்புறம் ஒவ்வொரு ஆனியிலும் கேட்டாள், ஒவ்வொரு தடவையும் அவன் கொஞ்சம் கூட்டினான், தாடையில் ஒரு குழி, இடது காது மடல் லேசாக மடங்கியிருந்தது, மூக்கு உன் மூக்கு. அங்கே தும்பை முளைத்திருக்கிறது, வெள்ளை வெள்ளையாக, என்று எப்போதோ சொன்னதற்காக வருஷா வருஷம் அந்தத் தேதியில் ஒரு கொத்துத் தும்பைப் பூ கொண்டுபோய்க் கொடுத்தான், பம்ப் ரூமுக்குப் பின்னால் பறித்தது. நீ அங்கன வராதே, பாம்பு கிடக்கு, பார்த்தீனியம் உனக்கு இளைப்பைக் கிளப்பிவிடும் என்றான், அவளும் வரவில்லை. அங்கன்வாடியில் முப்பது பிள்ளைகளுக்குச் சோறூட்டிக் கைகழுவி விடுகிறவள், ஒரு பிள்ளையைக்கூட மடியில் தூக்கி வைத்து அவன் பார்த்ததில்லை. ஆனால் வினோதம் என்னவென்றால் அந்த முகம் அவனுக்கே வர ஆரம்பித்துவிட்டது, பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பெண்பிள்ளைகளில் மடங்கின காதைத் தேடுவான், இப்போது பத்து வயசு, இப்போது பதினைந்து, இப்போது காலேஜ் பஸ்ஸுக்கு நிற்பாள்…

இடத்தை விற்றது அவனுடைய அண்ணன் இசக்கிதுரை. கூட்டுப் பட்டா, காட்டேஜ் கட்டுகிற பார்ட்டி வந்தது, போலீஸ் வேலையில் மதுரையில் இருக்கிற அண்ணன் போனில் சொன்னான், சும்மா புதராத்தானலே கிடக்கு. சும்மாவா… அப்படிக் கேட்க வாய் வரவில்லை, போய்க் கையெழுத்துப் போட்டான். பிரியாவிடம் போன வாரம்தான் சொன்னான், அவள் கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டு சொன்னான், அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், அதை நிறுத்தக்கூட இல்லை. இன்றைக்குக் காலையில் அவன் சைக்கிளை எடுக்கும்போதுதான் வாசலுக்கு வந்தாள். “மிஷின் ஏறுததுக்கு முன்னால வேரோட ஒரு தும்பையக் கொண்டாந்துருங்க. அங்கன உள்ளது.” அங்கன உள்ளது. அதை அழுத்திச் சொன்னாளா, சாதாரணமாகத்தான் சொன்னாளா, வழியெல்லாம் அதையே உருட்டிக்கொண்டு வந்தான்.

வேறு வழியில்லாமல்தான் பீருக்குப் போன் போட்டான். பீர் இப்போது ஆட்டோ ஓட்டுவதில்லை, சீசனுக்கு ஐந்தருவியில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் போட்டு விற்கிறான், தாடி நரைத்துவிட்டது. மொபெட்டைக் கீழே நிறுத்திவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தான். “ஏலே, கடையப் போட்டது போட்டபடி வந்திருக்கேன். என்னத்தலே தேடுத?” முத்துச்செல்வம் மறுபடி சாவியால் மண்ணைக் குத்தினான். பீர் அவன் முகத்தைப் பார்த்தான், கீழே நிற்கிற மிஷினைப் பார்த்தான், மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கி விட்டுக்கொண்டான். “எங்கனன்னு காட்டுடே,” என்று முத்துச்செல்வம் கேட்டபோது குரல் தன்னுடையதாகவே இல்லை, பத்தொன்பது வருஷம் கழித்து, எட்டு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போது கேட்கிறோம். பீர் சுற்றிலும் பார்த்தான், இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கம் நாலடி, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். “அன்னைக்கு இந்த உண்ணியெல்லாம் கிடையாதுலே. முட்டி அளவு புல்லு, தும்பை, அம்புட்டுதான்… மழைல கண்ணு தெரியல. முதல்ல தோண்டின இடத்துல பாறை. மண்ணு எங்கன இளகிக் குடுத்துச்சோ அங்கன வச்சேன். மேல மூணு கல்லு வச்சேன், நாய் தோண்டிரக் கூடாதுன்னு.”

“தும்பை இருந்துச்சா?”

“இருந்துச்சே. ஏன்?” …ஒன்றுமில்லை, அவன் புளுகியது நிஜமாகவே இருந்திருக்கிறது, அவ்வளவுதான், அப்படியென்றால் மற்றதும்… வேண்டாம், அந்தப் பக்கம் யோசிக்க வேண்டாம். இரண்டு பேரும் மூன்று கல் தேடினார்கள். மூன்று கல் எங்கேயும் இருந்தது. புதரை விலக்கிய இடத்திலெல்லாம் மூன்று கல் இருந்தது, நாலாகவும் இருந்தது, ஏழாகவும் இருந்தது, பீர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, இதில்ல, இதில்ல என்றான், பிறகு அதையும் சொல்லாமல் நிமிர்ந்து நின்றான். கையெல்லாம் முள் கீறி ரத்தம். “தெரியலடே,” என்றான். “நீ மறுவருஷம் கேட்டிருந்தா கூடக் காட்டியிருப்பேன்.”

சுடலைராஜ் கீழேயிருந்து கூப்பிட்டான். “அண்ணாச்சி, ஆரம்பிக்கலாமா? பார்ட்டி போன் மேல போன் போடுதாங்க.” மூலிகை ஏதோ பிடுங்க வந்திருக்கிறேன் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தான், இப்போது உண்மையைச் சொன்னால் ஒரு நாள் நிறுத்துவானா, நிறுத்தினால் மட்டும் என்ன, நாளைக்கு எந்த இடத்தைக் காட்டுவது. ஆரம்பிங்க, என்று கையைக் காட்டினான். மிஷின் உறுமிக்கொண்டு சரிவில் ஏறியது, முதல் வாரலிலேயே உண்ணிச்செடியின் அந்த நெடி, நசுங்கின இலையின் காரமான நெடி, தொண்டையை அடைத்தது, இரும்புப் பல் மண்ணுக்குள் இறங்கி மேலே வந்தபோது செம்மண், வேர், கல். முத்துச்செல்வம் பார்த்தான். அடுத்தது, செம்மண், வேர், ஒரு பழைய சாக்கு. பார்த்தான். வெள்ளையாக ஏதோ… வேர்தான், உரித்த வேர். பத்தொன்பது வருஷத்தில் என்ன மிஞ்சியிருக்கும், ஒன்றும் மிஞ்சியிருக்காது, பிறகு எதற்கு ஒவ்வொரு வாரலையும் குனிந்து பார்க்கிறாய். பீர் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினான். “பாக்காதலே. வா. வாலே இங்கன.”

ரோட்டோரம் ஓடைக்கல்லில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அருவிக்குப் போகிற வேன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு போயின. பீர் கையிலிருந்த முள்ளை நகத்தால் எடுத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், சொன்னான். “நீ ஒருநாளும் கேக்கல. நானும் சொல்லல. உள்ள இறக்கும்போது துணி விலகிருச்சு முத்து. நான் புள்ள முகத்தப் பாத்தேன்.” முத்துச்செல்வத்துக்கு இரண்டு காதிலும் மிஷின் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. உலகத்தில் அந்த முகத்தைப் பார்த்த ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், பத்தொன்பது வருஷமாகப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான், ஒரு வாய் திறந்தால் போதும், முடி இருந்ததா, தாடையில் குழி இருந்ததா, காது… பீர் தொண்டையைச் செருமினான், சொல்லப் போகிறான். “வேண்டாம்லே,” என்றான் முத்துச்செல்வம், சட்டென்று, கிட்டத்தட்ட அதட்டலாக. பீர் அவனைப் பார்த்தான். “வேண்டாம். சொல்லாத.” ஏன் வேண்டாம்… மொட்டைத் தலை என்று அவன் சொல்லிவிட்டால், காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கிறாளே, அவள் யார், அவளை எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது. பீர் எழுந்து கைலியைத் தட்டிவிட்டுக்கொண்டு, கடை தெறந்து கிடக்கு, என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

தும்பை பம்ப் ரூமுக்குப் பின்னால் இருந்தது, எப்போதும் போல. விரலால் தோண்டினான், வேர் அறாமல், மண்ணோடு, அதன் மேலே சரிவிலிருந்து அள்ளி வந்த கொஞ்சம் செம்மண்ணைத் தடவினான், நல்ல மனசோடு செய்கிறோமா, கள்ளத்தனமாகச் செய்கிறோமா என்று தெரியாமலே தடவினான். வீட்டில் பிரியா பழைய பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டுத் தயாராக வைத்திருந்தாள், அங்கன்வாடிக்கு அரைநாள் லீவு சொல்லியிருக்கிறாள் போல. செடியை இரண்டு கையாலும் வாங்கினாள். வேரைப் பார்த்தாள், மண்ணை ஒரு சிட்டிகை கிள்ளி விரலில் நசுக்கிப் பார்த்தாள், பிறகு குத்தவைத்து உட்கார்ந்து நட ஆரம்பித்தாள்.

“எல்லாம் எடுத்துட்டாங்களா?”

“எடுத்துக்கிட்டிருக்காங்க.”

“நீங்க நின்னீயளா?”

“நின்னேன்.”

மண்ணைச் சுற்றிலும் அமுக்கினாள். கையை எடுக்காமல், வாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “பீர் அண்ணன் ஒண்ணும் சொல்லலியே?”

“இல்ல… என்ன சொல்லணும்?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.” செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டாள், “அது பிடிச்சுக்கிடும்,” என்றாள் செடியைப் பார்த்து. முத்துச்செல்வம் கால் கழுவ உள்ளே திரும்பினவன் பாதியில் நின்றான். பீர் வந்ததை அவளிடம் அவன் சொல்லவே இல்லை. கூப்பிடப் போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை, அவனுக்கே அங்கே போய் நின்ற பிறகுதான் தோன்றியது… பிறகு எப்படி. தேடத் தெரியாமல் பீரைத்தான் கூப்பிடுவான் என்று எப்படித் தெரியும், குடை பிடித்தவனுக்குச் சொல்ல என்ன இருக்கும், தோண்டியது யார் என்று தெரிந்தால்தானே அப்படிக் கேட்க முடியும். ரம்ஜானுக்கு ரம்ஜான் கஞ்சி கொண்டுவந்து இதே வாசலில் நிற்கிறவன், அவள் பாத்திரத்தை வாங்குகிறவள், எந்த வருஷத்து வாசலில், எந்த ஒரு நிமிஷத்தில், அவள் கேட்டாள், அவன் சொன்னான்… இல்லை, ஒன்றும் இருக்காது, சும்மா கேட்டிருப்பாள். ஆனால் போன ஆனியில்கூட, பூவை வாங்கிக்கொண்டு, எப்படி இருந்தா, சொல்லுங்க, என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அவள் கேட்ட விதம், அவன் முடியில் ஆரம்பித்துக் காது வரைக்கும் சொல்லி முடிக்கிறவரை இமைக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த விதம்… இத்தனை வருஷமும் அவளுக்காகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தான்.