ஏரியிலிருந்து கால் மணி நேரம்

அக்கா இறந்து ஒரு வருஷம் ஆனபோது அத்தான் ஃபோன் செய்தார்.

"அந்த மலைக்கு ஒரு தடவை என்கூட வரியா, குட்டி? தனியாப் போக எனக்குத் தெம்பு இல்ல."

அவள் கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒரு லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்திவிட்டு, "வர்றேன் அத்தான்" என்றாள். பாவமாக இருந்தது. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். "வாரம் பூரா லிஃப்ட்ல ஏறி இறங்கறவருக்கு ஞாயித்துக்கிழமை ஆனா கால் அரிக்கும்" என்று அக்கா கிண்டலடிப்பாள். அந்த மனுஷன் இப்போது பாதி ஆளாகியிருந்தார்.

பதினொரு கிலோமீட்டர் பாதை அது. கார் நிறுத்துமிடத்தில் கிளம்பி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அங்கேயே வந்து முடியும். நடுவழியில் ஓர் ஏரி. அதற்கு அந்தப் பக்கம்தான் அக்கா பாறையில் கால் வழுக்கி விழுந்தாள். "பின்னாலதான் வந்துட்டிருந்தா. திரும்பிப் பார்த்தேன், காணோம்" என்று அத்தான் அன்றைக்குச் சொன்னார். மேற்கொண்டு யாரும் துருவவில்லை.

இருவரும் இடப்பக்கமாக ஏறினார்கள். செங்குத்தான ஏற்றம். மூச்சு வாங்க நின்ற இடத்திலெல்லாம் மலைக்குப் பின்னால் மலையாக நீலம் மங்கிக்கொண்டே போனது. இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினாள்.

ஏரிக்கரையில் அத்தான் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார். முதல் கோப்பையை அவளிடம் நீட்டினார்.

"அவ என் பின்னால வரல, குட்டி."

"என்ன சொல்றீங்க?"

"கிளம்பும்போதே சண்டை. ஏத்தத்தை முதல்ல முடிச்சுடலாம், இடப்பக்கமா போவோம்னேன். அவ வலப்பக்கம்தான்னு அடம் பிடிச்சா. சரி, நீ உன் வழியில வா, ஏரிகிட்ட பார்ப்போம்னு ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சுட்டோம்."

"அப்புறம்?"

"இங்க ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வரல. ஃபோனுக்கு சிக்னல் இல்ல. கோவிச்சுக்கிட்டு பாதியிலேயே திரும்பியிருப்பா, கார்கிட்ட நிப்பான்னு நெனச்சேன். எனக்கும் வீம்பு. வந்த வழியே இறங்கிட்டேன். அங்கயும் அவ இல்லேன்னதும்தான் தேட ஆள் கூட்டிக்கிட்டு ஏறினேன்."

"அந்தப் பக்கம் போயிருந்தா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கால் மணி நேரம். சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னார்."

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, "என் பின்னால வராதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

பாறையை அடையாளம் காண்பதில் சிரமம் இருக்கவில்லை. இப்போது ஒரு கம்பித் தடுப்பு போட்டிருந்தார்கள். கீழே புதரும் கல்லும், ஈரம் கசியும் ஓர் ஓடையும். அக்கா கிடந்ததற்கு அங்கே ஒரு தடயமும் இல்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே கிடந்தபடி எந்தச் சத்தம் கேட்டாலும் அவர்தான் வருகிறார் என்று அக்கா நினைத்திருப்பாள். சருகு அசைந்தாலும் நினைத்திருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு அழுகை பொங்கி வந்தது. குரல் விட்டு அழுதாள்.

அழுது ஓய்ந்து திரும்பினால், வளைவில் அத்தான் நின்றுகொண்டிருந்தார்.

"கிட்ட வரல" என்றார். "என்ன வேணா சொல்லு, வாங்கிக்கறேன். ஆனா தனியா இறங்காத."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லணும். இன்னிக்கே."

"சொல்றேன்."

"முன்னால நடங்க. என் கண்ணுல படற தூரத்துலயே நடங்க."

மீதிப் பாதை முழுக்க அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். மன்னிக்க மனசு வரவில்லை. ஆனால் மரங்களுக்கு நடுவே அந்த முதுகு மறைந்தபோதெல்லாம் அவளை அறியாமல் நடை வேகமாயிற்று.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அம்மா கத்தவில்லை, சபிக்கவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்குக் காலையில சாப்பிட்டுத்தான் கிளம்பினாளா?"

"சாப்பிட்டா, அத்தை."

அம்மா தலையை ஆட்டினாள். துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.