இறைச்சிக் கரண்டி

பாதித் தயிர் வயிற்றுக்குள் போன பிறகுதான் ஃபைவல் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தான். இறைச்சிக் கரண்டி. பாலுக்கு வேறு கரண்டி, இறைச்சிக்கு வேறு கரண்டி என்பது அந்த யூத வீட்டில் தவழும் குழந்தைக்கும் தெரியும். அவனுக்கோ பதினான்கு வயது.

கரண்டியைச் சட்டைக்குள் ஒளித்தான். ஒரு கரண்டி குறைவதை மாலைக்குள் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். ப்ரூக்ளினின் அந்த மூன்று அறைக்குள் ஆறு பேர். புருஷன் செத்தபின் இரண்டு பெண்களோடு பெஸ்யா சித்தி வந்து சேர்ந்ததிலிருந்து எது காணாமல் போனாலும் பழி அவள்மேல்தான்.

"பாலையும் கறியையும் கலந்துட்டு ஒளிச்சு வெச்சிருக்க. இன்னொரு தடவைன்னா வேற இடம் பாத்துக்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சத்தியமா நான் எடுக்கலக்கா."

"அப்ப அதுவா நடந்து போச்சா?"

சித்தி பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தன்னால் மூன்று பேர் தெருவில் நிற்கப்போகிறார்கள். சொல்லிவிடலாம், ஆனால் அம்மாவின் முகத்தை நினைத்ததுமே கரண்டியை எங்காவது மறைத்துவிடத்தான் தோன்றியது.

மண்ணில் புதைத்தால் தீட்டுப் போய்விடும் என்பார்கள். ஜன்னல் வழியாக இரும்புப் படிக்கட்டில் இறங்கி, அங்கிருந்த பழைய பூந்தொட்டியைக் கிளறினான். கரண்டி எதிலோ இடித்தது. ஒரு முள்கரண்டி. அதற்கும் கீழே இரண்டு கரண்டிகள்.

"கொஞ்சம் தள்ளிக்கடா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அப்பா. கையில் வெண்ணெய்க் கத்தி.

ஃபைவல் அந்தக் கத்தியையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீங்க போய்ச் சொல்லுங்கப்பா."

"நானா? நீ சின்னப் பையன், ஒன்னய மன்னிச்சிருவா."

உள்ளே பெட்டி மூடப்படும் ஓசை. ஃபைவல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே ஏறி, மண்ணோடு மேசையில் போட்டான். 

"சித்தி இல்லம்மா. எல்லாம் நான்தான்."

அம்மா அந்த முள்கரண்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். 

"இது தொலஞ்சப்ப நீ பொறக்கவே இல்லயேடா."

சித்தியின் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அம்மா ஜன்னலை நோக்கி நடந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பனியில், அப்பா அசையாமல் நின்றார்.